கடைசியாக ஏறியவர்

திருவேற்காட்டில் எங்களுக்கு ஷேர் என்றால் ஷேர் ஆட்டோதான். அப்பா பூந்தமல்லிக்கு ஷேர் ஓட்டினார். சொந்த வண்டி. ஷேர் மார்க்கெட் என்று வேறொரு ஷேரும் உண்டு என்பது, தினமும் அவர் வண்டியில் வந்த ஐ.டி. கம்பெனி சார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்த வருடம் எல்லாம் ஏறிக்கொண்டே இருந்தது. ஸ்டாண்டுப் பூக்கடைக்காரம்மாகூட போனில் ஷேர் விலையைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, ஷேர் ஓட்டுறீங்க, ஒரு ஷேர்கூட வாங்கலையா?" என்று சார் கேட்பார்.

"ஓட்றதே போதும் சார், ஆள வுடு" என்பார் அப்பா.

ஆறு மாதம் இப்படியே சொல்லிவிட்டு, திடீரென்று வண்டியை விற்று மொத்தத்தையும் ஷேரில் போட்டார். போனில் பட்டனை அழுத்தியது நான். எட்டாவதோடு நின்றவள். பச்சை என்றால் லாபம், சிவப்பு என்றால் நஷ்டம், அவ்வளவுதான் தெரியும். நினைத்தால் இன்றும் விரல் கூசுகிறது.

மூன்று வாரம் பச்சை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கி வந்தார். அப்புறம் சிவப்பு. மறுநாளும் சிவப்பு. நிற்கவே இல்லை.

சார் பல வருடம் முன்பே ஏறியவர். "எனக்கும் அடிதான் அண்ணே" என்றார். பொய்யில்லை. ஆனால் மாதம் பிறந்தால் அவருக்குச் சம்பளம் வந்தது. ஷேர் ஆட்டோவில் கடைசியாக ஏறுகிறவருக்கு டிரைவர் பக்கத்தில் பாதி சீட்டுதான். ஒரு கால் வெளியே தொங்கும். ஸ்பீடு பிரேக்கரில் வண்டி குதித்தால் முதலில் விழுவது அவர்தான். அப்பா அப்படி ஏறினார். அதுவும் சோறு போட்ட வண்டியை விற்றுவிட்டு.

பிறகு வாடகை வண்டி ஓட்டினார். போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், வேலப்பன்சாவடி சிக்னலில் அப்படியே முன்னால் சாய்ந்தார். ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா ஓட்டிய ரூட்டில் நானே ஓட்டுவது என்று முடிவு செய்தேன். நசரத்பேட்டைப் பக்கம் காலி மனைகளில் அவரே எனக்குப் பழக்கிவிட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் எட்டைத் தாண்டாதவள், லைசென்ஸ் மைதானத்தில் ஒரே தடவையில் எட்டு போட்டேன். பிறகு வாடகை வண்டி முதலாளியிடம் போய் நின்றேன்.

"பொட்டப் புள்ள கைல வண்டிய குடுத்துட்டு நான் இன்னா பண்றது?"

"பின்னாடி குந்துங்க அண்ணாத்தே. சரியா ஓட்டலன்னா சாவிய வாங்கிக்கோங்க."

மார்க்கெட் நெரிசலில் புகுந்து பூந்தமல்லி போய்த் திரும்பினேன். இறங்கினார். சாவியைக் கேட்கவில்லை.

"உன் நைனாவுக்கு நீ பரவால்ல. காத்தால வந்து எடுத்துக்கோ."

மறுநாள் ஸ்டாண்டில் வரிசையில் வண்டியை நிறுத்தினேன். "ஊட்டுக்குப் போய் தோச ஊத்து பாப்பா" என்றார் முன்னால் நின்ற டிரைவர்.

"ஊத்தி, துன்னுட்டுதான் வந்துகீறேன் அண்ணாத்தே. வண்டிய நவுத்து."

முதல் ட்ரிப்பிலேயே சார் ஏறினார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. அப்பாவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். கடைசியில், பூந்தமல்லி நெருங்கும்போது, பழக்கதோஷத்தில், "மார்க்கெட் திரும்ப ஏறுதும்மா" என்றார்.

"அது ஏறட்டும் சார். நீங்க எறங்குங்க. பூந்தமல்லி வந்துட்ச்சு."

பின்சீட்டில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாரும் சிரித்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பா இருந்திருந்தால் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்திருப்பார் என்று தோன்றியதும் கண் நிறைந்துவிட்டது. துடைக்க நேரமில்லை. திரும்பிப் போக ஆள் பிடிக்க வேண்டும். தலையை வெளியே நீட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"வேலப்பன்சாவடி, திருவேற்காடு! வா வா வா! ஒரு ஆள், ஒரு ஆள்!"

இரண்டே நிமிடத்தில் வண்டி நிறைந்தது.