ஆஸ்டருக்கு ஓர் இடம்

ஆஸ்டர் பூவுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான மணம் இல்லை. ஆனால் அதன் தண்டைக் கத்தரிக்கும்போது, கசப்பும் ஈரமும் கலந்த ஒரு பச்சை வாசனை விரல்களில் ஏறி, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் அங்கேயே தங்கிவிடும். ஐப்பசி மாதத்தில் அம்மாவின் கைகளில் அந்த வாசனைதான் இருக்கும். மழைக்கு முந்தைய மங்கிய வெளிச்சமும், சவுக்குத் தோப்புக்கு அப்பாலிருந்து ஓயாமல் வரும் கடலின் இரைச்சலும், ஊதா நிறமும் அந்த வாசனையோடு கலந்தே என் நினைவில் படிந்திருக்கின்றன.

செய்யூரிலிருந்து கடப்பாக்கம் போகும் வழியில், கடலுக்கு அருகே எங்கள் ஊர். எங்களுக்கு முந்தைய தலைமுறையினர் பிறர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கி வாழ்ந்தவர்கள். அப்பா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போனார், அம்மா 'பால்வாடி'யில் ஆயாவாக இருந்தாள். எங்களுக்கென்று இருந்த மண் அரசு கொடுத்த சிறிய மனை மட்டும்தான். அதன் நடுவில் வீடு நின்றதால், சுற்றிலும் எஞ்சியது ஒரு பாய் விரிக்கும் அகலமே. அந்த அகலத்தில்தான் அம்மா ஆஸ்டர் வளர்த்தாள். விற்பதற்காக அல்ல, தலையில் சூடுவதற்காகவும் அல்ல. எனக்கு முன்னால் பிறந்து, நான் பிறப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்ட என் அக்கா அருள்மேரிக்காக.

நவம்பர் தொடக்கத்தில் வரும் கல்லறைத் திருநாளன்று, ஊரார் தங்கள் வீட்டுக் கல்லறைகளைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, சாமந்தியையும் சம்பங்கியையும் உதிர்த்துப் பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருப்பார்கள். பங்குச் சாமியார் வாசலில் தொடங்கி, ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். குழந்தைகளின் வரிசையோ கடற்பக்கத்துச் சுவரோரம், எல்லாவற்றுக்கும் கடைசியில் இருந்தது. அவர் அங்கே வந்து சேர்வதற்குள் கடற்காற்று எழுந்து, சின்னஞ்சிறு மேடுகளின் மேலிருந்த இதழ்களையெல்லாம் வாரிக்கொண்டு போயிருக்கும். "பாதர் வர்றப்ப எம்பொண்ணு மேல ஒத்தப் பூ இல்லியே" என்று ஒரு வருடம் அம்மா வீட்டுக்கு வந்தும் அழுதாளாம். அதன் பிறகுதான், நீளக் காம்போடு வெட்டி, மணலில் புதைத்த புட்டியில் நிறுத்தி வைக்கக்கூடிய பூ எது என்று விசாரித்து, செங்கல்பட்டு விதைக் கடையிலிருந்து ஆஸ்டர் விதை வாங்கி வந்தாள்.

ஆடியில் விதைத்து, நாற்றைப் பிரித்து நட்டு, சவுக்கின் மெல்லிய கிளைக்குச்சிகளான 'மிளாறு' ஊன்றிச் செடிகளைக் கட்டிவிட்டால், ஐப்பசியில் வெள்ளையும் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பூத்துவிடும். முதல் வருடம் அப்படித்தான் பூத்தது. மறு வருடம் அதே பாத்தியில் நட்டபோது, காலையில் நிமிர்ந்து நின்ற செடிகள் மாலைக்குள் ஒரு பக்கமாகத் துவண்டு சரிந்தன. விதைக் கடைக்காரர், "ஒரு தபா வெச்ச எடத்துல மறுபடியும் வெக்காதம்மா, அந்த மண்ணுல சீக்கு தங்கிடும்" என்று சொல்லியனுப்பினார்.

அதிலிருந்து எங்கள் வீட்டைச் சுற்றி ஆஸ்டர் நகரத் தொடங்கியது. ஒரு வருடம் சமையலறைச் சுவரோரம், அடுத்த வருடம் குளிக்கும் மறைப்புக்குப் பின்னால், அதற்கடுத்து அப்பா சைக்கிள் நிறுத்துமிடம். பக்கத்துத் தெருவில் இருந்த ஜெயா சித்தி, அம்மாவின் தங்கை, வரும்போதெல்லாம் கேலி செய்வாள்: "இன்னாக்கா, வாடகைக்குக் கீறவங்க மாரி இந்தப் பூவும் வருசா வருசம் எடம் மாத்திகினே கீது?" அப்பா சைக்கிளை வாசலுக்குள் ஏற்றியபடி, "அடுத்த வருசம் என்னியும் வெளிய தள்ளிட்டு என் பாய்ல நட்டுடுவா, பாரு" என்பார். அம்மாவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே மீதமிருக்கும் மண்ணை அவள் கண்ணால் அளப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓர் ஆடி மாதத்தில் இடம் தீர்ந்துபோனது. வீட்டை ஆஸ்டர் முழுவதுமாகச் சுற்றி வந்துவிட்டது. தகர டப்பாக்களில் நட்ட நாற்றுகள் வெயிலில் வெந்தன. அண்டை வீட்டாருக்கும் எங்களைப் போலவே பாயகல மண்தான், அதில் அவர்களுடைய முருங்கையும் ஆட்டுக்குட்டியும். பழைய பாத்திகளின் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்துப் பார்த்துக் கீழே போட்ட அம்மா, ஒரு மாலை நாற்றுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். நானும் சித்தியும் பின்னாலேயே போனோம்.

அக்காவின் மேட்டை அவள் விரலால் கிளறத் தொடங்கியதும் சித்தி பதறினாள். "அக்கா, உனுக்குப் புத்தி கீதா? சாவு மண்ணுல போய் எவனாச்சும் செடி வெப்பானா?"

அம்மா நிமிரவில்லை. "இந்த மண்ணுல இதுவரிக்கும் ஆஸ்டர் வெக்கல, இல்ல?" என்றாள்.

சித்தி புடவையைச் செருகிக்கொண்டு, "தள்ளு, நீ நட்டா வளஞ்சி வளஞ்சி போவும்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆடு நுழையாமல் மிளாறு வேலி கட்டினோம். பால்வாடி முடிந்ததும் அம்மா குடத்தில் தண்ணீர் கொண்டுபோனாள். மணல் மண் என்பதால் செடிகள் குட்டையாகவே நின்றன. ஆனால் துவளவில்லை. திருநாளன்று மாலை, வழக்கம்போல் காற்று எழுந்தது. மற்ற மேடுகளின் இதழ்கள் சுவரைத் தாண்டிப் பறந்தன, மெழுகுவர்த்திகள் அணைந்தன. அக்காவின் மேட்டில் மட்டும் ஊதாவும் வெள்ளையும் வேரோடு நின்று ஆடிக்கொண்டிருந்தன. அந்தி கவியும் நேரத்தில் குழந்தைகளின் வரிசையில் அவரவர் பெற்றோர் வெறும் மேட்டருகே நின்றார்கள்; சாமியாரின் மணியோசை நெருங்கி வந்தது. அம்மா அந்த வரிசையை ஒரு முறை பார்த்தாள். பிறகு கத்தரியை எடுத்து, செடிகளை ஒவ்வொன்றாக வெட்டி, மேட்டுக்கு ஒரு காம்பாக மணலில் ஊன்றிக்கொண்டே போனாள். பக்கத்து மேட்டின் தாய், "உம்பொண்ணுக்கு வேணாமா?" என்று கேட்டதற்கு, "அவளுக்கு ஒண்ணு வுட்டு வெச்சிருக்கேன். மீதி அவ குடுக்கறது" என்றாள். சாமியார் வந்தபோது அந்த வரிசையில் பூவில்லாத மேடு ஒன்றுகூட இல்லை. மண்ணில் சீக்கு தங்குமே என்று பயந்து, அடுத்தடுத்த வருடங்களில் ஒவ்வொரு குழந்தையின் மேட்டிலும் மாறி மாறி நட்டார்கள். நடுவதற்குக் கைகளும் பல சேர்ந்துவிட்டன.

இப்போது நான் நகரத்தில் வாழ்கிறேன். பூக்கடைகளில் ஓசூர்ப் பக்கத்து ஆஸ்டர், வாளியில் கொத்துக் கொத்தாக நிற்கிறது. ஊரில் அந்த வரிசை முன்போல் இல்லை. கல்லறைத் தோட்டம் நிறைந்துபோனபோது, பழைய மேடுகளைத் திறந்து புதியவர்களை வைக்கலாமா என்று பங்கிலிருந்து வீடு வீடாகக் கேட்டார்கள். பலர் மறுத்தார்கள், நானும் மறுக்கத்தான் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள். "பூ வெக்கறதுக்கே எடமில்லாம நான் அலஞ்சேன். பெத்ததத் தூக்கிகினு வந்து நிக்கறவள இல்லன்னு எப்புடிச் சொல்லுவேன்?"

இன்று அக்காவின் மேடு இருந்த இடத்தில் சிமென்ட் பூசிய சிறிய மேடை ஒன்று இருக்கிறது. அதன் சிலுவையில் நாங்கள் பார்த்தறியாத ஒரு குழந்தையின் பெயர். கல்லறைத் திருநாளில் அம்மாவைக் கைபிடித்து அங்கே அழைத்துப் போகிறேன். அவள் முதலில் அந்தப் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டு, அதன் பிறகே தன் மகளின் பெயரைச் சொல்கிறாள்.