உப்பென்று நினைத்துத் தேய்த்த வண்டி

தூத்துக்குடியில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவனுக்கு முதல் எதிரி உப்பு. காற்றிலும் உப்பு, கிணற்றுத் தண்ணீரிலும் உப்பு. பெயிண்டுக்கு அடியில் கடுகளவு தங்கினாலும் போதும், அடுத்த மழைக்குள் தகரம் துருவேறிக் கொப்பளம் போட்டுவிடும். அதனால் பழைய பெயிண்டைத் தேய்த்து எடுத்து, லாரித் தண்ணீர் வாங்கிக் கழுவி, காய்ந்ததும் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரித்தால் மறுபடியும் தேய்ப்பு, மறுபடியும் கழுவல். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த நாக்கை நம்பித்தான் பத்து வருஷம் பிழைத்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசி. துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் நான் சொந்தமாகக் கொட்டகை போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மே மாதக் கடைசியில் ஒரு டீச்சர் தன் காரைக் கொண்டுவந்தார். சொந்த ஊர் நாசரேத். இங்கே பெண்கள் பள்ளியில் கணக்கு எடுத்தார். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிப்போயிருந்தது. பெங்களூரில் வேலை பார்த்த தம்பி, மூன்று சக்கரத்தில் ஓடும் அந்தச் சின்னக் காரை வாங்கி, பிரேக்கையும் கிளட்சையும் கையால் பிடிக்கும்படி மாற்றி, போன வருஷம் அனுப்பியிருந்தார். ஆரஞ்சு நிறம் ஒரே வருஷ வெயிலில் வெளிறிவிட்டது. பச்சை வேண்டும் என்றார். பள்ளி திறக்கிற திங்கட்கிழமை காலையில் வண்டி தன் வீட்டு வாசலில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்றார்.

ஏன் அவ்வளவு கண்டிப்பு என்பதை அவரே சொன்னார். கார் வருவதற்கு முன்பு ஒரு ரிக்‌ஷாக்காரர்தான் அவரை வீட்டு வாசலில் தூக்கி ஏற்றி, பள்ளி வாசலில் தூக்கி இறக்குவார். நல்ல மனுஷன்தான். ஆனாலும் இருநூறு பிள்ளைகள் பார்க்க ஒருத்தர் தன்னைத் தூக்கி இறக்கிய பிறகு, அதே பிள்ளைகளை வகுப்பில் அதட்டுவது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியாது என்றார். இனி யாரும் தன்னைத் தூக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கார். எனக்குப் புரிந்தது. ஆறு நாள் இருந்தது, தாராளம் என்று வாக்குக் கொடுத்தேன்.

வண்டியின் உடம்பு தகரமில்லை, ஃபைபர் கிளாஸ் என்றும் சொல்லியிருந்தார். அது என் காதுக்கு எட்டியது, கைக்கு எட்டவில்லை. எப்போதும் போலச் சொரசொரப்பான உப்புத்தாளை எடுத்துப் பானெட்டில் ஆரம்பித்தேன். முதலில் ஆரஞ்சுத் தூள் வந்தது. பிறகு வெள்ளைத் தூள் வந்தது.

வெள்ளையாக எதைக் கண்டாலும் எங்கள் ஊர்க்காரனுக்கு ஒன்றுதான் தோன்றும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. ஒரு வருஷத்து உப்பு உள்ளே இறங்கிப் பூத்திருக்கிறது என்று நினைத்தேன். கழுவினேன், தேய்த்தேன், ருசி பார்த்தேன். கரித்தது. வியாழக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். வெள்ளை நின்றபாடில்லை. எனக்கு வீம்பு வந்துவிட்டது. உப்பா நானா பார்த்துவிடுவோம் என்று பானெட்டை விட்டுக் கதவுக்கும், கதவை விட்டு மட்கார்டுக்கும் போனேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கை முழங்கை வரைக்கும் அரிப்பெடுத்தது. குனிந்து பார்த்தால், பானெட்டில் தேங்காய் நார் போல இழை இழையாக எழுந்து நிற்கிறது. விரலால் அமுக்கினேன். உள்ளே போய் வந்தது.

புன்னைக்காயல்காரர் ஒருவர் துறைமுகத்தில் கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படகுகளும் இதே ஃபைபர்தான் என்று யாரோ சொல்ல, ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அண்ணாச்சி, இது உப்பில்ல. வண்டியோட தோலு. தோல உரிச்சிட்டியளே" என்றார்.

நாக்கில் வைத்துப் பார்த்தேனே, கரித்ததே என்றேன். கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு இப்போது பார்க்கச் சொன்னார். பார்த்தேன். சாக்பீஸ் போல இருந்தது. ஒரு ருசியும் இல்லை. இரண்டு நாளாக நான் நக்கிப் பார்த்தது என் வியர்வையைத்தான். 

அவர் அன்று சாயங்காலமே பிசினும் கண்ணாடி நார் விரிப்பும் கொண்டுவந்து, மெலிந்த இடங்களிலெல்லாம் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். பிசின் முழுக்கக் கெட்டிப்பட மூன்று வாரமாவது வேண்டும், அதற்கு முன்னால் பெயிண்ட் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலையில் என் மனம் வேறு கணக்குப் போட்டது. பள்ளத்தை அடைக்கிற பட்டியைப் பூசி மேலே பச்சையை அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? திங்கட்கிழமை டீச்சர் சந்தோஷமாகப் போவார். உரியும்போது பார்த்துக்கொள்ளலாம், உப்புக்காற்றின் மேல் பழியைப் போட்டால் இந்த ஊரில் நம்பாதவர் உண்டா? பட்டி டப்பாவைத் திறந்தும்விட்டேன். நேர்மையால் மூடினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் பயம். அவ்வளவு தெளிவாக எதற்கு வண்டி வேண்டும் என்று சொன்ன ஒருவரிடம், பிறகு எந்த முகத்தோடு பொய் சொல்வது என்ற பயம்.

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், நாக்கில் வைத்துப் பார்த்தது உட்பட. வண்டி தயாராகும் வரை என் செலவில் வாடகைக் கார் வைக்கிறேன், நானே கூட வந்து ஏற்றி இறக்குகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அவருக்குக் கோபம் வந்தது முகத்தில் தெரிந்தது. குரல் உயரவில்லை. "வண்டி ஓடுமா?" என்று கேட்டார்.

"ஓடும் டீச்சர். பாக்கத்தான் சகிக்காது."

"அப்ப திங்கக்கிழம ஏழு மணிக்கு வாசல்ல நிக்கட்டும்."

அப்படியே நிறுத்தினேன். பாதி ஆரஞ்சு, பாதி வெள்ளை, அங்கங்கே பிசின் ஒட்டுகள் பழுப்பாக. டீச்சர் ஏறி உட்கார்ந்து, தானே கதவைச் சாத்திக்கொண்டு, ஊர் நடுவே ஓட்டிப் போனார். தினமும் போனார். டீக்கடையில் என்னைக் கண்டதும், "ஏலே, அந்தக் கார நாயி குதறிட்டா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். யார் வேலை இது என்று கேட்டவர்களுக்கெல்லாம் டீச்சர் என் கொட்டகையைக் கை காட்டினார். ஒளித்துச் சொல்லும் பழக்கம் அவருக்கில்லை. இரண்டு பேர் என்னிடம் கொடுப்பதாக இருந்த வண்டியை வேறிடம் கொண்டுபோனார்கள். 

சாயங்காலம் அவர் கொட்டகைக்கு வருவார். வண்டியிலேயே உட்கார்ந்து பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைத் திருத்துவார். நான் மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கையால் மட்டும் அழுத்தி ஒட்டுகளைச் சமன் செய்வேன். மூன்றாவது வாரம் புன்னைக்காயல்காரர் வந்து தட்டிப் பார்த்துச் சரி என்றார். சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலிலிருந்து நானே வண்டியை எடுத்துப்போய், திங்கட்கிழமை பச்சையாகக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன். இந்த முறை சொன்ன நாளில் முடியும் என்ற நிம்மதியில், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவர் நோட்டுகளை அடுக்கி வைத்தார்.

"இத்தன வருசமா ரோட்டுல எல்லாரும் என் காலத்தான் பாத்தாவ. இந்த மூணு வாரமா வண்டியப் பாக்காவ. அவசரமில்ல அண்ணாச்சி, மெதுவா அடிங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. ரிக்‌ஷாக்காரர் அவரைத் தூக்கி இறக்கிய நாட்களில், பள்ளிக்கூட ரோட்டில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.