மாதாவுக்கு அவசரமில்லை

நிரோஷா, அன்ரன், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் இருவரும் இப்போது பஸ்ஸில் இந்தப் பலேர்மோ ஊர் இத்தாலியப் பிள்ளைகள் மாதிரிச் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் அதட்டுவதில்லை. ஏன் பேசாமல் இருக்கிறீர்கள் என்று உங்கள் அம்மா என்னைக் கேட்பாள். காரணம் இதுதான்.

நிரோஷா, ஐந்து வயதாகியும் நீ கதைக்கவில்லை. அன்ரன் அப்போது கைக்குழந்தை. உனக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பல்லரோச் சந்தைக்குள் மீன்காரரும் மரக்கறிக்காரரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். அதற்குள் நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் வருவாய். வேண்டியதைக் கையால் காட்டுவாய். பல நேரம் நீ காட்ட முன்னமே நாங்கள் எடுத்துத் தந்துவிடுவோம்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தவக்காலம் தொடங்கியபோது பாலர் பள்ளி ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். வீட்டில் தமிழ் கதைப்பதால்தான் பிள்ளை குழம்பிப் போயிருக்கிறாள், தமிழை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் முதலாம் வகுப்புக்கு எடுப்பது கஷ்டம் என்றார். நான் "சீ, சிஞ்ஞோரா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு துடைக்க வந்த நாங்கள் எல்லோரும் இந்த ஊரில் முதலில் பழகியது அந்த "ஓம், அம்மணி"யைத்தான். விளங்கினாலும் சீ, விளங்காவிட்டாலும் சீ.

வீட்டுக்கு வந்து உன்னோடு இத்தாலிய மொழியில் கதைக்கப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாளி, துடைப்பம், ஜன்னல், நாளைக்கு வாறன். அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைக் கொஞ்ச முடியுமா? சில நாளில் வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை. உன்னைப் போலவே நாங்களும் ஆகிவிட்டோம்.

எனக்குக் கோபம் வந்தது. மாதாவின் படத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்றேன். கெஞ்சவில்லை. வழக்குப் பேசினேன். "பிள்ளையும் நீங்கள் தந்தது, பாஷையும் நீங்கள் தந்தது. இரண்டிலை ஒண்டை விடு எண்டால் நான் விடமாட்டன். வழியைக் காட்டுங்கோ."

உனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த சிஞ்ஞோராவிடம் வாரம் ஒருமுறை போவோம். உன்னை உள்ளே விட்டுவிட்டு நான் வெளி நடையில் கைகட்டி நிற்பேன். முடிந்ததும் அவர் ஏதோ விளக்குவார். அதற்கும் சீதான். அந்த வாரம் கதவைத் தட்டி நானும் உள்ளே போனேன். "நோ, சிஞ்ஞோரா" என்றேன். தமிழை நிறுத்தமாட்டேன், நீங்கள் இவ்வளவு நாளும் சொன்னதும் எனக்கு விளங்கவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள், செய்து காட்டுங்கள் என்று தெரிந்த நாலு சொல்லில் சொல்லி முடித்தேன். அந்தத் துணிவு என்னுடையது அல்ல, மாதா தந்தது.

அவர் கோபிக்கவில்லை. தமிழை நிறுத்தச் சொல்லி நான் சொல்லவே இல்லையே என்றார். உங்களுக்கு நன்றாக வருகிற பாஷையில்தான் பிள்ளையோடு கதைக்க வேண்டும் என்றார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினார். அன்றிலிருந்து நான் நடையில் நிற்கவில்லை.

அவர் வேலை செய்வதை அன்றுதான் பார்த்தேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு உன் முகத்தைப் பார்த்தபடி சும்மா இருந்தார். நீ ஒரு சத்தம் போடும்வரை உருட்டவில்லை. பிறகு, வீட்டில் எல்லோரும் சேர்ந்து தினமும் சொல்வது ஏதாவது உண்டா என்று கேட்டார். செபமாலை என்றேன். ஒருவர் பாதி சொல்ல மற்றவர்கள் மீதி சொல்வதைக் கையால் காட்டினேன். இதைவிட நல்ல பயிற்சி என்னிடம் இல்லை என்றார். கடைசிச் சொல்லை அவளுக்கு விட்டுவிட்டுக் காத்திருங்கள். சொல்லு சொல்லு என்று நெருக்காதீர்கள். சொன்னால் கைதட்டாதீர்கள், தொடருங்கள்.

அம்மாவுக்குத்தான் பெரிய பாடு. அது பக்கத்துச் சியாகுல்லித் தோட்டங்களின் மண்டரின் தோடம்பழக் காலம். உரித்த சுளையைக் கையில் வைத்துக்கொண்டு நீ வாய் திறந்து கேட்கும்வரை அவள் காத்திருக்க வேண்டும், நீ அழுவாய். "இஞ்சாருங்கோ, பிள்ளை பாவம், குடுப்பமே" என்பாள். அவள் கண்ணும் கலங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் செபமாலைக்குச் சனம் கூடும். 'ஆமென்' சொல்ல முன் எல்லோரும் நிறுத்துங்கள் என்று கேட்டேன். மன்னார் சூசை அண்ணருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன தம்பி, செபத்தை அந்தரத்திலை விடுறாய்? மாதாவுக்கு மரியாதையில்லாத வேலை."

"மாதாவுக்கு அவசரமில்லை, அண்ணை. உங்களுக்குத்தான் அவசரம்."

"அண்ணைக்கு வீட்டை போற பிரான்காச்சோ பஸ் போயிடும்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அம்மா என் சேர்ட்டைப் பின்னால் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் நிறுத்தினேன். ஒவ்வொரு மணிக்கும் நீ சும்மா இருந்தாய். அடுத்தடுத்த வெள்ளிகளிலும் அப்படியே. இரண்டு குடும்பம் வருவதையே விட்டுவிட்டது. சூசை அண்ணர் முறைத்துக்கொண்டே வந்தார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த ஒரு வெள்ளி. நடு மணி ஒன்றில் நிறுத்தினேன். நீ என் வாயைப் பார்த்தாய்.

"மேன்" என்றாய்.

முன்பாதி வரவில்லை. மேன் மட்டும். ஒருவரும் கைதட்டவில்லை. அடுத்த மணியை நான் தொடங்கினேன், குரல் வரவில்லை. சூசை அண்ணர் எடுத்துக் கொடுத்தார். கடைசிச் சொல் வர முன் அவர்தான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். நீ மறுபடியும் சொன்னாய்.

அதன்பிறகு "தா" வந்தது, "அம்மா" வந்தது. கோடையில் தம்பியைத் திட்டவே பழகிவிட்டாய். பள்ளி திறந்தபோது உன்னை முதலாம் வகுப்பில் சேர்த்தார்கள். மாதாவுக்கு நன்றி. கதிரை போட்ட சிஞ்ஞோராவுக்கும் நன்றி.

இதை வாசிக்கிற தாய் தகப்பன்மாரே, செபியுங்கள். செபித்துவிட்டு நடையில் நிற்காதீர்கள், கதவைத் தட்டுங்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். வீட்டில் நீங்களும் காத்திருங்கள். எனக்குச் செய்த மாதா உங்களுக்கும் செய்வார்.

நீ முதல்முதல் கதைத்ததற்கு மறுநாள் காலை நான் வழக்கம்போல மாடிப்படி கழுவப் போனேன். கட்டடத்தில் ஒருவரும் எழும்பவில்லை. வாளியை வைத்துவிட்டு ஈரப் படியில் குந்தியிருந்து செபமாலையில் ஒரு மணிக்குரிய செபத்தைச் சொன்னேன். கடைசிச் சொல்லுக்கு முன்னால் வாய் தானாக நின்றது. கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு நீ சொன்ன மாதிரியே சொன்னேன். மேன்.