தடியில் வெட்டிய திவசம்

நோர்வேக்காரரின் மரக் கலண்டர் ஒன்றை அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு வேறு பேச்சில்லை. ஒரு முழ நீளத் தட்டையான தடி. ஒரு பக்கம் கோடை, மறுபக்கம் குளிர். நாளுக்கு ஒரு வெட்டு. எழுத்துத் தெரியாதவர்களும் தேவாலயத் திருநாள்களை அறிவதற்காகச் சின்னச் சின்னச் சித்திரங்கள். குளிர்காலம் தொடங்கும் நாளில் ஒரு கையுறை.

மூன்று கிழமை, அஜக்ஸ் நகரில் எங்கள் வீட்டுக் கராஜில் இருந்து மேப்பிள் பலகையில் நானும் ஒன்று செதுக்கினேன். தைப்பொங்கலுக்குப் பானை. அம்மாவின் பிறந்தநாளுக்குப் பூ. அப்பாவின் முதலாம் ஆண்டுத் திவசம் செய்த நாளில் அவருடைய மூக்குக்கண்ணாடி.

"உந்தத் தடியால ஆருக்கு அடிக்கப்போறாய்?" என்றுதான் அம்மா முதலில் கேட்டா. கண்ணாடியைக் கண்டதும் விரலால் தடவிப் பார்த்தா. தமிழ்க்கடையில் ஓசியாகக் கிடைத்த, திதி போட்ட கலண்டரைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் தடியைத் தொங்கவிட்டேன். அன்றைய நாளைக் காட்ட ஒரு நூல்; அம்மா தினமும் காலையில் ஒரு வெட்டுத் தள்ளி அதைக் கட்டுவா. கடைக் கலண்டரை மீள்சுழற்சிப் பெட்டிக்குள் போட்டவன் நான்.

மூக்குக்கண்ணாடிக்கு நூல் வந்த நாள் அம்மா வேலைக்கு லீவு போட்டா. விடியவே தலைக்குத் தோய்ந்து, கத்தரிக்காய், பூசணிக்காய், பருப்பு, பாயசம் எல்லாம் வைத்தா. பிறகு, போன வருடம் செய்தவர் நாளைக் குறித்து வைத்திருப்பார் என்று நம்பி, எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்கக் கோயில் ஐயருக்குப் போன் எடுத்தா. ஸ்பீக்கரில் போட்டிருந்தபடியால் எனக்கும் கேட்டது.

"அம்மா, வளர்பிறைப் பஞ்சமி எல்லே அவற்ற திதி. அது பதினொரு நாளுக்கு முதலே போயிட்டுது. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை, வேற ஐயரிட்டச் செய்யிறியளாக்கும் எண்டு நினைச்சன்."

திதி சந்திரனோடு நகரும். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் போன வருடத் தேதியைப் பலகையில் வெட்டியிருக்கிறேன். சித்திரம் வடிவாக வருகிறதா என்பதிலேயே கண்ணாக இருந்துவிட்டேன்.

"வாற அமாவாசையில செய்யலாம், யோசிக்காதேங்கோ," என்றார் ஐயர்.

அம்மா போனை வைத்துவிட்டுப் பதினொரு நாளைப் பின்னோக்கி விரல்விட்டு எண்ணினா. "அண்டைக்குச் சனிக்கிழமை. விட்பியிலயிருந்து மாமா ஆக்கள் வந்தவை. நண்டு காய்ச்சினனான்."

"அம்மா, சொறி."

"அப்பா வாசல்ல வந்து நிண்டிருப்பார். நாங்கள் உள்ளுக்க நண்டு உடைச்சுக்கொண்டு இருந்திருக்கிறம்."

அடுப்பில் பாயசம் அடிப்பிடிக்கும் மணம் வந்தது. இரண்டு பேரும் அசையவில்லை.

"நீ உதெல்லாம் தேடிப் படிக்கிறனீ. சொல்லு, அமாவாசைக்குக் கூப்பிட்டால் செத்தவை வருவினமோ?"

"ஓம் அம்மா, வருவினம்," என்றேன்.

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அடுப்பை நிற்பாட்டப் போனா.