தம்பிக்கு நான் சேனை வைத்த காலை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு பிள்ளைக்குச் சேனை வைக்க ஆள் தேடினால், கடைசி ஆளாகக்கூட என்னை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலில் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பவரின் குணம் அப்படியே பிள்ளைக்கு வந்துவிடும் என்பார்கள். நானோ எட்டு வயதிலேயே வாயாடி, பிடிவாதக்காரி என்று வட்டவளை டவுன் வரைக்கும் பேர் வாங்கியவள்.

தம்பி பிறந்தபோது அவன் முதுகெலும்பு ஓரிடத்தில் மூடாமல் புண்ணாக இருந்தது. ஒரு வாரத்துக்குள் கண்டிக்குக் கொண்டுபோய் ஒப்பரேஷன் செய்தால் பிழைக்கலாம், ஆனால் நடக்க மாட்டான், தலையில் நீர் கட்டும், காலம் முழுக்க ஆஸ்பத்திரிதான் என்றாராம் டாக்டர். செய்யாவிட்டால் அதிக நாள் இருக்க மாட்டான். முடிவை அப்பாவிடம் விட்டார். அப்பா ஒப்பரேஷன் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டார். கல்நெஞ்சக்காரர் இல்லை. அந்தப் புண்ணுக்குத் துணி மாற்றும்போதெல்லாம் வெளியே போய் நின்று அழுதார்.

"பேரும் வேணாம், சேனையும் வேணாம். அப்புறம் மனசு விடாது" என்றாள் அப்பாவின் அக்கா, என் அத்தை. அவளும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். பட்டவள் சொன்னாள். அம்மாவை யாரும் கேட்கவில்லை, அம்மாவும் பேசவில்லை.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. பெரியவர்கள் மும்முரத்தில் சேனையை மறந்துவிட்டார்கள் என்றுதான் அன்று நினைத்தேன். நாலாம் நாள் காலை அப்பா, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் லீவு சொல்லப் போயிருந்தார். அத்தை பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனாள். அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் சீனி கரைச்சுக்கிட்டு வா பாப்பா. தம்பிக்கு நீயே சேனை வச்சிரு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, விரலால் தொட்டு அவன் நாக்கில் வைத்தேன். அவ்வளவு சின்ன வாய்க்கு என்ன பலம்! விரலை விடவே மாட்டேன் என்று சப்பினான்.

குடத்தோடு உள்ளே வந்த அத்தை அப்படியே நின்றுவிட்டாள். பின்னாலேயே அப்பா.

"யாரு வச்சது?" என்றார் அப்பா.

"நாந்தான்" என்றேன், பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி.

அப்பா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். சேனை வைத்தாயிற்று என்றால் அவன் வீட்டுப் பிள்ளை. "ஒங்கொணமா வரப்போகுது இவனுக்கு? வெளங்குனாப்லதான்" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆட்டோ கூப்பிடப் போனார். கண்டி வரைக்கும் தம்பியை மடியில் வைத்திருந்தது அத்தைதான்.

தம்பிக்கு இப்போது இருபது வயது. டாக்டர் சொன்னதில் எதுவும் பொய்யாகவில்லை. அவன் வலியில் துடித்த நாட்களில், அப்பா அன்று போட்ட கையெழுத்தை என்னால் குறை சொல்ல முடிந்ததில்லை. ஆனாலும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னோடு சரிக்குச் சரி சண்டை போடுகிறான், ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்க மாட்டான். அந்தச் சண்டைக்காகவே சாமிக்குத் தினமும் நன்றி சொல்கிறேன்.

அன்று அம்மா எனக்குப் பெரிய மரியாதை செய்துவிட்டதாக லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். என் பிள்ளையைக் காப்பாற்றுங்கள் என்று அவள் அந்த வீட்டில் வாய்திறந்து கேட்டதே அந்த ஒரு தடவைதான் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.