மூன்று நிமிடம் கிடைத்தவள்

என் ஓர்ப்படி நாடாளுமன்றத்தில் பேசிய முதல் பேச்சை டிவியில் பார்த்தேன். பார்த்தேன் என்ன பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். அவள் என் கொழுந்தனின் மனைவி, வயதில் எனக்கு எவ்வளவோ இளையவள். கல்யாணமாகி வந்த புதிதில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருந்தவள். கொழுந்தன் ஊரில் கட்சிக்காரர். அந்தத் தொகுதிக்குப் பெண் வேட்பாளர்தான் என்று மேலிடம் சொல்லிவிட, அவர் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார், அடுப்படியில் இவள் நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவுதான் சங்கதி. ஜெயித்தும் தொலைத்தாள்.

நான் யார் தெரியுமா? கோயம்புத்தூரில் நான் படித்த காலத்தில் பேச்சுப் போட்டி என்றால் மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் பெயர் கொடுப்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிப் புனேவுக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை, மரப்பெட்டி செய்கிற பிரிவில் சூப்பர்வைசர். கட்கியில் குவார்ட்டர்ஸ். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக்கொடுத்தேன். கடையில் மராட்டி, பஸ்ஸில் ஹிந்தி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். என் தமிழுக்கு வருஷத்தில் ஒரே நாள்தான் வேலை, பொங்கலை ஒட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத்துப் பட்டிமன்றம்.

அங்கே எந்த அணியில் ஆள் குறைகிறதோ அந்த அணியில் என்னைப் போட்டுவிடுவார்கள். எனக்கு எந்தப் பக்கமானால் என்ன? எதிரணிக்காரர் சொன்னதையே எடுத்துக்கொள்வேன். “அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆகையினால்தான் சொல்கிறேன்...” என்று ஆரம்பித்து, அவர் பேச்சையே எங்கள் பக்கம் திருப்பிவிடுவேன். மண்டபம் அதிரும். பேசிவிட்டு இறங்கினால் அப்புறம் அடுத்த தைக்குத்தான் வாய்.

இப்படிப்பட்ட நான், அவள் பேசுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. நாடாளுமன்றத்தை நாள் முழுக்கக் காட்டுகிற சேனல் வந்துவிட்டிருந்த காலம் அது. கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில் அவள் இடம். கேமராவே தேடித்தான் பிடித்தது. கட்சி வாங்கிக் கொடுத்தது மூன்று நிமிடம். அவைத் தலைவருக்கு நன்றி, கட்சித் தலைவருக்கு வணக்கம், வாய்ப்புக் கொடுத்தவருக்கு, வாய்ப்புக் கொடுக்கச் சொன்னவருக்கு என்று கும்பிட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. “அரசின் இந்தக் கொள்கையை முழு மனதோடு வரவேற்கிறேன்” என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எந்தக் கொள்கை என்று சொல்லவே இல்லை.

இதற்குப் பெயர் பேச்சா? ஆனால் மறுநாள் ஊர்ப் பத்திரிகையில் படத்தோடு போட்டிருந்தான், ‘நாடாளுமன்றத்தில் முழக்கம்’ என்று. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. “அம்மாக்குக் காதுல புகை வருது” என்று என் மகள் சிரித்தாள். “ஜாஊ தே மா, சித்தி டிவில வந்தாங்கல்ல, அதே பெரிசு.” விட்டுத் தள்ளு என்று மராட்டியில் சொல்கிறாள். விட்டுத் தள்ளுகிற விஷயமா இது?

அந்தப் பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கம் அவளையே சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டது. வரவேற்புரை யார்? நான். கஞ்சி போட்ட புடவையில் அவள் மேடையில் உட்கார்ந்திருக்க, நான் மைக் முன்னால் நின்று ‘எங்கள் குடும்பத்தின் பெருமை’ என்று சொன்னேன். சொல்லும்போது நாக்கு கசந்தது. வழக்கமாகப் பட்டிமன்றம் நடக்கும்போது பின்னால் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிற என் வீட்டுக்காரர், அன்றைக்கு முன்வரிசையில் வந்து உட்கார்ந்து தம்பி பெண்டாட்டி பேசுவதைக் கேட்டார். வாளியை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டாராம்.

கொஞ்ச நாள் கழித்து டில்லியிலிருந்து அவளே போன் செய்தாள். ராணுவத்துக்கு வேண்டிய சாமான்களில் சிலவற்றை இனித் தனியார் கம்பெனிகளும் செய்யலாம் என்று அரசாங்கம் ஒரு கொள்கை கொண்டுவந்திருந்தது. அதன் மேல் விவாதம், ஆதரித்துப் பேசுகிறவர்கள் பட்டியலில் இவளும் உண்டு. எங்கள் வீட்டில் கொஞ்ச காலமாக அதே பேச்சுதான். வெளியாட்கள் பெட்டி செய்ய ஆரம்பித்தால் என் வீட்டுக்காரருடைய பிரிவையே பூட்டிவிடுவார்கள், அவரை எந்த மாநிலத்துக்குத் தூக்கிப் போடுவார்களோ தெரியாது. மகளுக்குப் பத்தாம் வகுப்பு வேறு.

“அக்கா, எழுதிக் குடுத்ததைப் படிச்சா தூக்கம் வருதுன்னு உங்க கொழுந்தனாரே சொல்றாருங்க்கா. எப்படிப் பேசோணும்னு நீங்கதான் சொல்லித் தரோணும்” என்றாள்.

அடேயப்பா, வந்தாயா வழிக்கு! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“இத பாரு அம்மிணி, தலைவர் புகழையெல்லாம் ஒரே வரில முடிச்சுப் போடு. கண்ணுல கண்ட ஒண்ணைச் சொல்லி ஆரம்பி. எதிர்க்கட்சிக்காரன் என்ன சொல்லப் போறானோ அதை நீயே முதல்ல சொல்லிப் போடு. நூத்துக்கு நூறு உண்மைன்னு சொல்லு. அப்பறம் ஆகையினாலதான்னு உன் பக்கம் திருப்பிக்க.”

“கண்ணுல கண்டது எனக்கு என்னுங்க்கா இருக்குது? ஃபேக்டரி உங்க வீட்லயல்ல இருக்குது?”

சொன்னேன். ஆர்டர் சரியாக வருவதில்லை, ஆர்டர் வந்தால் மரம் வருவதில்லை. கெட்டிக்காரத் தச்சர்களை வைத்துக்கொண்டு மனுஷர் மத்தியானம் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நன்றாக இருக்கிற முக்காலியைக் கழற்றிப் போட்டு மறுபடியும் பூட்டுகிறார், நான் பார்ப்பது தெரிந்தால் எழுந்து போய்விடுகிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, “நீ ஆதரிச்சே பேசு, அது உன் கட்சி. அதோட எங்காளுகளுக்கும் ஆர்டர் குடுங்க, மரம் குடுங்கன்னு கேட்டுப் போடு” என்றேன்.

“கண்டிப்பாங்க்கா” என்றாள். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. அவையில் ஒலிக்கப் போவது என் பேச்சு. யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம்கூட. கேட்டுவிட்டு அவராகவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு மூவருமாக டிவி முன்னால் உட்கார்ந்தோம். தமிழில் பேச முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள், மற்றவர்கள் காதில் மாட்டிக்கொண்டு மொழிபெயர்ப்பைக் கேட்டார்கள். அதனால் மேஜை தட்டுகிற சத்தம் இரண்டு தடவை வரும். முதலில் தமிழ்நாட்டுக்காரர்கள், கொஞ்சம் பொறுத்து மீதிப் பேர்.

தலைவரை ஒரே வரியில் முடித்தாள். பரவாயில்லையே என்றிருந்தது. அப்புறம் ஆரம்பித்தாள்.

“என் குடும்பத்திலேயே ஒருவர் அரசாங்கத் தொழிற்சாலையில் பெட்டி செய்கிற பிரிவில் இருக்கிறார். மத்தியானம் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, நன்றாக இருக்கிற முக்காலியைக் கழற்றிப் பூட்டுகிறார். நம் தொழிலாளிகள் கெட்டிக்காரர்கள் என்று எதிர்க்கட்சி நண்பர்கள் சொல்வார்கள். நூற்றுக்கு நூறு உண்மை. ஆகையினால்தான் சொல்கிறேன், அந்தக் கைகளை அங்கே வீணடிக்காதீர்கள். வேலையில்லாத பிரிவைப் பூட்டுங்கள். அவர்களை வேலை இருக்கிற இடத்துக்கு அனுப்புங்கள். பெட்டியை யார் வேண்டுமானாலும் செய்துவிட்டுப் போகட்டும்!”

தமிழ்நாட்டுக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். கொஞ்சம் பொறுத்து மற்றவர்களும் தட்டினார்கள். முன்வரிசையிலிருந்து மந்திரி கழுத்தைத் திருப்பி, யார் இந்தம்மா என்று பின்வரிசையைப் பார்த்தார். ஆர்டரும் கேட்கவில்லை, மரமும் கேட்கவில்லை. மணி அடிப்பதற்கு முன்பே முடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

அந்தப் பிரிவைப் பின்னால் பூட்டத்தான் பூட்டினார்கள். இவள் பேசாமல் இருந்தாலும் பூட்டியிருப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அவர் ஜபல்பூர்ப் பக்கம் போய்த் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தார். ஆனால் அன்றைக்கு டிவி முன்னால் எனக்கு முதலில் வந்தது அந்தக் கவலை இல்லை. ஐயோ, மந்திரி திரும்பிப் பார்த்தது என் வாக்கியத்துக்கடா பாவிகளா, அவளுடையது இல்லை என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. எழுந்து அந்த டிவிப் பெட்டிக்குள் புகுந்து அவள் முன்னாலிருந்த மைக்கைப் பிடுங்கலாம் போல இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “என் அக்கா சொல்லிக் கொடுத்தார்” என்று சொல்லியிருக்கக் கூடாதா?

அவர் டிவியை அணைத்தார். மகள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போன் அடித்தது. “அக்கா! மந்திரியே கூப்பிட்டுப் பாராட்டிட்டாருங்க்கா. கடைசில நீங்க சொன்ன ஆர்டர் சமாச்சாரத்தைக் கட்சில வேண்டான்னுட்டாங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. எப்படிங்க்கா இருந்துச்சு?”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்ட வேண்டும் என்று வாயெடுத்தேன். “நூத்துக்கு நூறுன்னு சொல்லிப் போட்டு ஒரு நொடி நிறுத்தியிருக்கோணும் அம்மிணி” என்றுதான் வந்தது. “அங்கதான் கை தட்டுவாங்க.”

போனை வைத்தேன்.

“ஏம்புள்ள” என்றார் அவர், சத்தமே இல்லாமல். “முக்காலியை நான் கழட்டினதை உன்னைத் தவிர யாரும் பாக்கலையே.”

நான் போன் வயரின் சிக்கலை எடுக்க ஆரம்பித்தேன்.

“அவ எங்க பேசினா? பேசினது பூராவும் நீதான்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அந்தப் பேச்சு என்னுடையதுதான் என்று யாராவது ஒருத்தர் சொல்லிவிட மாட்டார்களா என்று அதுவரை தவித்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டார்.