கியர் பொக்ஸுக்கு நான் அடித்த ஆப்பு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் அது இன்னும் ஒரு முழம் கூடும். இதை எவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தும் என்ன பயன்? என் மனைவியின் தம்பி இன்று வவுனியாவில் யாரோ ஒருவரின் கராஜில் சம்பளத்துக்கு நிற்கிறான் என்றால் அதற்கு இந்த வாய்தான் காரணம். வாய் மட்டும் என்றும் சொல்ல முடியாது. ஒரு பாலை மரக் குச்சியும் ஒரு துண்டுச் சவர்க்காரமும் ஒரு பொய்யும் அதில் சேர்த்தி.

என்னிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் இருக்கிறது. என் மூத்த மகளைவிட அதற்கு வயது கூட. அறுவடைக் காலத்தில் எங்கள் ஊரான உடையார்கட்டில் நெல் மூட்டை ஏற்றுவேன். மற்ற நாட்களில் கொக்கிளாய்க்குப் போய் இறால் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக்கு வருவேன். ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒயில் மணம் வந்தது. வீட்டுக்கு வந்து, கியர் கம்பியின் அடியில் இருக்கும் ரப்பர் உறையைக் கழற்றிப் பார்த்தேன். கியர் பொக்ஸின் தலையில் சின்னவிரல் அளவில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மூடி இல்லை. வாயைச் சுற்றி ஒயில் கசிந்து தூசி அப்பியிருந்தது.

எங்கள் ஆட்களுக்கு ஓட்டை என்றால் அடைக்கத்தான் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் வாகனம் ஓட்டிய எவரையும் கேட்டுப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. டாங்கியில் ஓட்டை விழுந்தால் சவர்க்காரத்தைப் பிசைந்து அப்புவோம். ரேடியேட்டர் ஒழுகினால் குசினிக்குள் போய் மஞ்சள் தூளை எடுத்துவந்து போடுவோம். புதுச் சாமான் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோயிருந்தது. அன்று அதுதான் கெட்டித்தனம். சண்டை முடிந்து, கடைகளில் எல்லாம் கிடைக்கத் தொடங்கிய பிறகும் என் கை அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டது. ஒரு பாலைக் குச்சியைச் சீவினேன். பழைய சாரத் துணியைச் சுற்றினேன். மேலே சவர்க்காரத்தைப் பூசி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிக் குழாய்க்குள் இறுக்கினேன். ரப்பர் உறையைத் திரும்பப் போட்டேன். மணம் நின்றுவிட்டது. அன்று எனக்குப் பெரிய சந்தோஷம்.

இரண்டு கிழமைக்குப் பிறகு முற்றத்தில் ஒயில் சொட்டத் தொடங்கியது. இந்த முறை கியர் பொக்ஸின் பின்பக்கம், சில்லுக்குப் போகும் தண்டு வெளியே வருகிற இடத்தில்.

என் மச்சான் அப்போதுதான் எங்கள் ஊர்ப் பிரதான வீதியில் நாலு மரத்தூண் நட்டு, தகரம் போட்டு, தனக்கென்று ஒரு கராஜ் திறந்திருந்தான். கிளிநொச்சியில் எட்டு வருடம் இன்னொருவரிடம் வேலை செய்த பிறகு அவன் கண்ட முதல் சொந்தக் கூரை அது. எங்கள் பக்கத்தில் வைத்தியருக்கும் மெக்கானிக்குக்கும் ஒரே அளவுகோல்தான்: கைராசி. கைராசிக்காரன் என்று பேர் எடுத்தால் ஆட்கள் வீடு தேடி வருவார்கள். அந்தப் பேர் வரும்வரை சொந்தக்காரர்தான் முதலில் போகவேண்டும். நானும் போனேன்.

பிக்கப்பின் கீழே படுத்து, தண்டைக் கழற்றி, ஒயில் வெளியே வராமல் தடுக்கும் ‘சீல்’ என்ற ரப்பர் வளையத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டான். வெளியே வந்து கையைத் துடைத்தபடி ஒன்று கேட்டான்.

“அத்தான், மேல ஏதும் கை வச்சனீங்களோ?”

எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் அங்கே ஓட்டோக்காரர் ஒருவரும் இன்னும் இரண்டு பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுத் தண்ணீர்க் குழாயை ஒருமுறை நான் சவர்க்காரத்தால் அடைத்ததிலிருந்து அவனும் அவனுடைய அக்காவும் என்னைச் சவர்க்கார மெக்கானிக் என்றுதான் பகிடி பண்ணுவார்கள். வீட்டில் என்றால் பொறுப்பேன். வெளியாட்கள் முன்னால் அந்தச் சிரிப்பைக் கேட்க மனம் வரவில்லை.

“நான் ஒண்டும் செய்யேல்லை. நீ உன்ர வேலையைப் பார்” என்றேன்.

பத்து நாளில் மறுபடி ஒழுகியது. மச்சானின் முகம் சுருங்கிவிட்டது. தண்டில் தேய்வு இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தான். தானே பஸ் ஏறி வவுனியாவுக்குப் போய் நல்ல சீல் ஒன்று வாங்கிவந்து போட்டான். அதுவும் தாங்கவில்லை. நான் ஒயிலை ஊற்றி ஊற்றி ஓடினேன். ஒருநாள் ஊற்ற மறந்தேன். கொக்கிளாயிலிருந்து வரும் வழியில் கியர் பொக்ஸ் ஊளையிட்டது. மூன்றாம் கியர் விழவில்லை. பிறகு எதுவுமே விழவில்லை. ஒரு லொறி என்னைக் கட்டி இழுத்து முல்லைத்தீவில் ஒரு கராஜில் விட்டபோது மதியம் தாண்டி, ஐஸ் கரைந்து, இறால் நாறத் தொடங்கியிருந்தது. இறால் முதலாளி என்னைக் கண்டபடி ஏசினார். அவருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எல்லாவற்றையும் அப்படியே சேர்த்துவைத்து, பஸ்ஸில் கொண்டுபோய், மச்சானின் தலையில் கொட்டினேன்.

அப்போது அங்கே நாலு பேர் நின்றார்கள். முதல் தடவை நின்ற ஓட்டோக்காரரும் ஓர் உழவு இயந்திரக்காரரும் அதில் அடக்கம். மச்சான் அவருடைய சில்லைத்தான் பூட்டிக்கொண்டிருந்தான்.

“உன்ர கையில ராசி இல்லையடா. வேற தொழில் பார்” என்றேன்.

அவன் எழும்பி நின்றான். “சரி அத்தான்” என்று மட்டும் சொன்னான். பிறகு குனிந்து மிச்ச நட்டுகளை இறுக்கினான்.

இரண்டு நாள் கழித்து முல்லைத்தீவு மெக்கானிக் என்னைக் கூப்பிட்டார். அவருடைய உள்ளங்கையில் என் பாலைக் குச்சி இருந்தது. “ஆரண்ணை இதை அடைச்சது? இது மூச்சு விடுற இடமெல்லோ” என்றார். ஓட ஓடக் கியர் பொக்ஸ் சூடாகும், உள்ளே காற்று பெருகும், அது போகத்தான் அந்தக் குழாய் என்று விளங்கப்படுத்தினார். வழியை அடைத்தால் காற்று சும்மா இருக்குமா? ஒயிலைத் தள்ளிக்கொண்டு சீல் வழியாக வரும். தங்கத்தில் சீல் செய்து போட்டாலும் நிற்காது. மேலே அந்த மூடி விழுந்திருந்ததுதான் ஒரே குறை, ஒரு சின்ன மூடி போட்டிருந்தால் மணமும் நின்றிருக்கும் என்றார்.

“முந்தி வச்சிருந்த ஆளாயிருக்கும்” என்றேன். அது இரண்டாவது பொய். குச்சியைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

அன்றே நேராக உடையார்கட்டுக்குப் போய் அந்த நாலு பேரையும் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம், நெல் வெட்டு முடியட்டும், கோயில் திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். என் வாயிலிருந்து போன சொல் அதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. சொந்த அத்தானே சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? முதலில் ஓட்டோக்காரர் கராஜை மாற்றினார். பிறகு உழவு இயந்திரக்காரர். ஒருநாள் நான் பிக்கப்பில் போகும்போது மச்சான் தூணில் ஏறி நின்று தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். கண்டும் நிற்காமல் போனேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவன் வவுனியாவுக்குப் போய் ஒரு வருடமான பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. அவனிடம் போய், அங்கே ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்துப் பேப்பரை விரித்துக் குச்சியைக் காட்டி, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவன் ஏசுவான் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“அப்ப நான் போட்ட ரெண்டு சீலும் சரியோ அத்தான்?”

சரி என்றேன். இன்னொருமுறையும் அதையே கேட்டான். ஒரு வருடமாக அவன் தன் கையையே நம்பாமல் வேலை செய்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ரப்பரைக் கழற்றி மேலே ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

“நீங்கள் ஒண்டும் செய்யேல்லை எண்டு சொன்னீங்கள். பிறகு நான் கழட்டிப் பார்த்தா உங்களை நம்பேல்லை எண்டெல்லோ வரும். ஆக்களும் நிண்டவை.”

திரும்பி ஊருக்கு வா, தூண் நானே நட்டுத் தருகிறேன் என்றேன். ஊரில் தன் பேர் போய்விட்டது, முதலில் அதைச் சொன்ன இடத்தில் போய்ச் சொல்லுங்கள், பிறகு பார்ப்போம் என்றான்.

அடுத்த நாள் காலையே எங்கள் ஊர்ச் சந்திக் கடைக்குப் போனேன். ஓட்டோக்காரரும் உழவு இயந்திரக்காரரும் இன்னும் சிலரும் இருந்தார்கள். குச்சியை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என்னை எவ்வளவு கேவலமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னேன். ஓட்டோக்காரர் குச்சியை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

“விளங்குது அண்ணை. மனுசியின்ர தம்பி. விட்டுக்குடுக்க ஏலாதுதானே” என்றார்.

இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன் என்று பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினேன். பண்ணப் பண்ண அவர்களுடைய முகத்தில் என் மேல் மரியாதைதான் கூடியது. மச்சானுக்காகத் தன் தலையில் பழியைப் போடுகிற மனுசன் என்று கடைக்காரர் என்னிடம் தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.

பின்னேரம் மச்சான் போனில் கூப்பிட்டான்.

“சொன்னனீங்களோ அத்தான்?”

“சொன்னனான்.”

“என்னவாம்?”

நல்லதாக ஏதாவது சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“நம்பேல்லை” என்றேன்.

கராஜில் வாகனம் ஒன்று வந்து நிற்கிறது என்று சொல்லிப் போனை வைத்தான்.